ராஜாராம் கேட்ட நாலு மருந்து

என் வீட்டுக்காரர் ராஜாராம் முப்பது வருஷம் செஞ்சிக்கும் பனமலைக்கும் நடுவே டவுன் பஸ் ஓட்டியவர். அந்த ரோட்டைத் தூங்கிக்கொண்டே ஓட்டுவேன் என்பார், தூங்கியிருக்கவும் கூடும். நடுவழியில் இறங்க வேண்டிவரும் என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டார். வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் அதே பழக்கம். சிறுநீரில் ரத்தம் வந்தபோது உடம்புச் சூடு என்று ஆறு மாதம் மோரிலேயே காலம் தள்ளினார். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நான் இழுத்துப்போனேன். சிறுநீர்ப்பையில் புற்றுநோய், வெளியேயும் பரவிவிட்டது என்றார்கள்.

டாக்டர் அன்புக்கரசிக்கு எங்கள் மகள் வயசு. பொறுமையாகச் சொன்னார். முன்பெல்லாம் நாலு மருந்தைச் சேர்த்து ஏற்றுவார்களாம். இப்போது பெரும்பாலும் இரண்டுதானாம். இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஆயுசு ஏறக்குறைய ஒன்றுதான். நாலில் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் அதிகம்.

இவருக்கு மனசு ஆறவில்லை. பந்தியில் இரண்டு கறியோடு நிறுத்திவிட்டது போல முகம் போயிற்று.

"நாலே போடுங்க மேடம். நான் தாங்குவேன்."

"நீங்க தாங்குவீங்க ஐயா. உங்க வாய் தாங்கணுமே. அதுக்குத்தான் வேலை ஜாஸ்தின்னு அம்மா சொல்றாங்க."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டுக்குச் சம்மதித்தார். ஆனால் அந்த இரண்டில் வலுவானது கிட்னியைப் பதம் பார்க்குமாம். ரத்தப் பரிசோதனையில் கிட்னி நன்றாக இருந்தால்தான் அதைத் தருவார்கள். இல்லையென்றால் சாதுவான வேறொன்று. அதற்கு வேகம் கொஞ்சம் குறைவு.

பரிசோதனைக்கு முந்தின ராத்திரி, தெம்பாகப் போகட்டுமே என்று ஆட்டுக்கால் சூப் வைத்தேன், அரைக் கிலோ கறி வறுத்தேன். சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் தாளைப் பார்த்த டாக்டர் முகம் சுருங்கியது. அந்தத் தாளில் எனக்குத் தெரிந்தது சிவப்புக் கோடு போட்ட ஓர் எண் மட்டும். கிட்னி சரியில்லை, சாதுவான மருந்துதான் போலிருக்கிறது என்றார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்டார்.

"ரெண்டு இட்லி," என்றார் இவர், என்னைப் பார்க்காமல். என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம்.

"பொய் சொல்றாரு டாக்டரம்மா. நான்தான் கறி ஆக்கிப் போட்டேன். அரைக் கிலோ."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கறி தின்றாலே கிட்னியைக் காட்டும் அந்த எண் ஏறிவிடுமாம். மூன்று நாள் கறி வேண்டாம், நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும், மறுபடி எடுக்கலாம் என்றார். என் சூப்பில் குற்றமில்லை என்று அங்கேயே வாதாடினேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

மூன்று நாளும் மணிக்கு ஒரு தம்ளர், கடைசிச் சொட்டுவரை பக்கத்தில் நின்று குடிக்கவைத்தேன். கக்கூசுக்குப் போய்வரும்போதெல்லாம் திட்டினார். திட்டட்டும். நாலாம் நாள் எண் இறங்கியது. வலுவானதையே ஏற்றலாம் என்றார் டாக்டர். நோய் அடியோடு போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. அடக்கி வைக்கலாம் என்றார்.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாமல் இவர் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கேலியாக ஒன்று என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"இன்னா பாக்குற?"

"மழ வருதான்னு பாக்குறேன். நீ போடுய்யா."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.