மாஸ்டரின் வலது கால்

தொலைக்காட்சியில் கதாநாயகி கைப்பையை வீசி எறிந்துவிட்டுச் சாலையின் குறுக்கே ஓடினாள். எதிரே ஒரு லாரி. பின்னணி இசை காதைக் கிழித்தது. லாரி நின்றதா இல்லையா என்று காட்டுவதற்குள் சோப்பு விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஊரெல்லாம் பதறிக்கொண்டிருந்த அந்த வேளையில் இந்த வீட்டில் மட்டும் லாரி நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்திருந்தது. காலடியில் கிடந்த விரிப்பு ஒரு முழம் தள்ளிப்போய்ச் சுருண்டது.

"நின்னுடுச்சா?" என்றாள் மனைவி, மடித்துக்கொண்டிருந்த துண்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எது?"

"லாரி."

"நான் ஒண்ணும் மிதிக்கலையே."

பொய் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. மனிதர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பயிற்சியாளர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அந்தப் பள்ளிக் காரில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருபவருக்கு ஒரு பிரேக். காலமெல்லாம் அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே குடும்பம் நடத்தியவர். கால் தனியாக ஒரு வாழ்க்கை வாழத் தொடங்கிவிட்டது. தலைக்குத் தகவல் சொல்லும் வழக்கத்தையும் அது நிறுத்திக்கொண்டது.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வீட்டில் யாருக்குத்தான் இப்படி ஒரு பழக்கம் இல்லை? மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து, கையில் எது கிடைத்தாலும் நாலாக மடிப்பாள். மாஸ்டர் படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாள் பாதிச் செய்தியில் மடிந்து அலமாரிக்குப் போய்விடும். மாடியில் குடியிருக்கும் அவள் தம்பி செல்போன் பழுதுபார்க்கும் கடைக்காரன். அந்தச் செய்தித்தாளில் படம் சின்னதாக இருந்தால் இரண்டு விரலை வைத்து விரித்துப் பார்ப்பான். விரியாதபோது கொஞ்சம் கோபப்படுவான். பழக்கம் என்பது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நுழைந்து, பிறகு சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிற ஜாதி.

மாஸ்டருக்குத் தன் தொழிலைப் பற்றி ஒரு பெருமை உண்டு. "என் வண்டியில தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணி வச்சுட்டு உட்காருங்க. ஊரைச் சுத்தி வந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது" என்பார். சிந்தாதுதான். அவரிடம் கற்றுக்கொள்பவர்கள் முதல் வாரமே பழுத்த ஓட்டுநர்களைப்போல வண்டியை நிறுத்துவார்கள். ஆனால் லைசென்ஸ் தேர்வு என்று போனால் கோட்டைத் தாண்டிப் போய் நிற்பார்கள். சிலர் நிற்கவே மாட்டார்கள். தேர்வில் மாஸ்டரின் இடத்தில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். இன்ஸ்பெக்டர் அந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்கும்படி ஆகிவிட்டால், கதை முடிந்தது. "எல்லாம் பயம். இன்ஸ்பெக்டரோட மீசையைப் பார்த்ததும் படிச்சதெல்லாம் பறந்துடுது" என்று மாஸ்டர் தீர்ப்பு சொல்வார். பள்ளி முதலாளியும் தலையாட்டுவார். தோற்றவர்கள் திரும்பவும் பயிற்சிக்கு வருவதில் அவருக்கு ஆட்சேபணை எதுவும் இருந்ததில்லை.

இதெல்லாம் ஊரார் பாடாக இருந்தவரை ஒன்றும் கெடவில்லை. பிறகு மனைவியே மாணவியானாள்.

சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை இவளுக்குத் தருவதாக மேலாளர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: மேற்பார்வையாளர்தான் துணி வேனை மருத்துவமனையின் இரண்டு கிளைகளுக்கும் ஓட்டிப்போக வேண்டும். மாத முடிவுக்குள் லைசென்ஸ் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வெளியாள். இத்தனை வருஷம் ஈரத்துணியோடு நின்ற கால்களுக்கு ஒரு நாற்காலி தெரிந்தது. அவள் அதை விடுவதாக இல்லை.

இரண்டு தேர்வு எழுதினாள் என்பதா, ஓட்டினாள் என்பதா, இரண்டிலும் தோற்றாள். இரண்டாவது தடவை இன்ஸ்பெக்டர் இறங்கும்போது தன்மையாகவே சொன்னார்: "அம்மா, வண்டி தானா நிக்காது. நாமதான் நிறுத்தணும்."

வீடு திரும்பும்போது மாஸ்டர்தான் ஓட்டினார். "நேத்து சாயங்காலம் இதே கோட்டுல பூ மாதிரி நிறுத்தினியே!"

"ஆமா."

"இன்னைக்கு என்ன வந்துச்சு? பயந்துட்டே."

"எங்க நீராவி மெஷின் முன்னாடி தினமும் நிக்கிறவ நான். அவர் ஒருத்தரைப் பார்த்தா பயப்படப்போறேன்?"

"அப்ப உன் மூளைக்கும் காலுக்கும் நடுவுல எங்கேயோ லைன் கட்டாயிருக்கு."

ஜன்னல் பக்கம் திரும்பி, கையிலிருந்த தேர்வுச் சீட்டை நாலாக மடித்தாள். அவர் சொன்னதை அவள் நம்பத் தொடங்கிவிட்டாள் என்பது மாஸ்டருக்குத் தெரியவில்லை. மாத முடிவுக்குள் இன்னும் ஒரே ஒரு தேர்வு நாள்தான் பாக்கி. அதற்குப் போக வேண்டாம் என்று அவள் உள்ளுக்குள் முடிவு செய்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் தம்பி இறங்கி வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டான்.

"மாமா, அக்காவோட கால் என்னதான் பண்ணுதுன்னு நம்மள்ல யாராவது பார்த்திருக்கோமா? எல்லாரும் ரோட்டைத்தானே பார்க்கறோம். ஒரு போனை டேஷ்போர்டுக்குக் கீழே ஒட்டி வீடியோ எடுத்துடுவோம். தப்பு எங்கேன்னு தெரிஞ்சுடும்."

"எடு மாப்ளே!" மாஸ்டர் குதித்தே விட்டார். "நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. கால் அடிக்கிற கூத்தை அவளே பார்க்கட்டும்."

சொந்தக் குழிக்கு இவ்வளவு உற்சாகமாக மண் அள்ளிய மனிதரை அந்தத் தெரு பார்த்ததில்லை.

மறுநாள் காலைப் பயிற்சியில், கியருக்கு முன்னால், நட்ட நடுவில் போன் ஒட்டப்பட்டது. அகலமாகப் பிடிக்கிற கேமரா. இரண்டு பக்கமும் தெரியும். மாஸ்டருக்கு அது உறைக்கவில்லை. கேமரா என்றால் மனைவியைப் பார்ப்பது என்று மட்டும்தான் அவர் புரிந்துகொண்டிருந்தார். மார்க்கெட், பாலம், பள்ளிக்கூட வாசல் என்று சுற்றினார்கள். அவள் பூ மாதிரி நிறுத்தினாள்.

அன்று மாலை தொடர் பார்க்கும் நேரத்தில் தம்பி போனிலிருந்ததைப் பெரிய டிவியில் ஓடவிட்டான். மாஸ்டர் வழக்கம்போல ரிமோட்டும் கையுமாக நடுநாற்காலியில் உட்கார்ந்தார்.

திரையில் இரண்டு ஜோடிக் கால்கள். டிவியிலிருந்து மாஸ்டரின் குரலே அதட்டியது: "முன்னாடி சைக்கிள் வருது பாரு! பிரேக்! பிரேக்குமா! கால் என்ன தூங்குதா?"

மனைவியின் கால் ஆக்சிலேட்டரிலிருந்து நகர்ந்து பிரேக்கை நோக்கிப் போனது. அது போய்ச் சேருவதற்குள் பிரேக் தானாகவே கீழே இறங்கியது. பக்கத்தில், ரப்பர் செருப்புப் போட்ட ஒரு வலது கால், குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல மெதுவாக, பதவிசாக, இரண்டாவது பிரேக்கை அமுக்கிக்கொண்டிருந்தது. மனைவியின் கால் போய், ஏற்கெனவே இறங்கிவிட்ட பெடலின் மேல் மரியாதைக்கு உட்கார்ந்தது.

"யாருது அந்தச் செருப்பு?" என்றார் மாஸ்டர்.

எல்லாரும் அவருடைய காலைப் பார்த்தார்கள். கழற்ற மறந்த அதே செருப்பு அங்கே இருந்தது.

பாலம் வந்தது. செருப்பு முந்திக்கொண்டது. பள்ளிக்கூட வாசல் வந்தது. செருப்பு முந்திக்கொண்டது. டிவியிலிருந்த மாஸ்டர் "இப்பத்தான் கொஞ்சம் சுமாரா நிறுத்தினே" என்று மனைவியைப் பாராட்டினார். நாற்காலியிலிருந்த மாஸ்டர் அவசர அவசரமாக ஒலியைக் குறைத்தார். பிறகு சேனலை மாற்றப் பார்த்தார். எந்த சேனலும் வரவில்லை.

"மாமா, அது என் போன்ல ஓடுது. ரிமோட்டுக்கு அடங்காது."

திரையில் குறுக்கே ஏதோ வந்திருக்க வேண்டும். செருப்பு சட்டென்று இறங்கியது. அதே நொடியில் ஹாலில் விரிப்பு ஒரு முழம் தள்ளிப்போய்ச் சுருண்டது. தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் துண்டை வைத்துக்கொண்டான்.

மனைவி சிரிக்கவில்லை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, திரையில் தெரிந்த தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப என் கால் ஒழுங்காத்தான் போயிருக்கு" என்றாள். "அதுக்கு வேலையே வைக்கலை நீங்க."

மாஸ்டருக்குள் வரிசையாகச் சில முகங்கள் வந்து போயிருக்க வேண்டும்: தேர்வில் தோற்று, மீசையைப் பழித்துக்கொண்டு போன அத்தனை மாணவர்களும்.

"லைன் கட்டுன்னு சொன்னது..." என்று இழுத்தார்.

"சொன்னீங்க."

"அது சும்மா... வாய் தவறி."

"காலும் வாயும் உங்களுக்கு எப்பவும் தவறித்தான் போகும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இரண்டு நாளாகத் தூக்கிக்கொண்டு அலைந்த ஒரு மூட்டையை இறக்கி வைத்தவளின் குரல் அது. "பரீட்சைக்கு நான் போறேன். நீங்க காலை எங்க வைக்கறதுன்னு முடிவு பண்ணுங்க."

முடிவு பண்ணுவது எளிதாக இருந்தது, கால்தான் கேட்கவில்லை. விடுமுறை நாளில் ஆளில்லாத ஒரு தொழிற்சாலை மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். மாஸ்டர் சத்தியம் செய்தார். கால் மிதித்தது. செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டார். வெறுங்கால் இன்னும் வசதியாக மிதித்தது. மடியில் கனமாக ஒரு பையை வைத்துப் பார்த்தார். பையோடு சேர்ந்து மிதித்தது.

"மாமா, பின்சீட்டுக்கு வந்துடுங்க. நான் முன்னாடி போறேன்" என்றான் தம்பி.

"பயிற்சி கொடுக்கறவன் முன்னாடிதான் உட்காரணும்டா. அது சட்டம்."

"சட்டம் உட்காரச் சொல்லுது. காலைத் தொங்கப் போடச் சொல்லுதா?"

மாஸ்டர் யோசித்தார். பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி, இரண்டு காலையும் மேலே தூக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அவசரம் என்றால் பிடிக்க, இரண்டு சீட்டுக்கும் நடுவில் கை பிரேக் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டார். பார்ப்பதற்குக் காரில் தியானத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தது.

அவள் வேகம் எடுத்தாள். மைதானத்தின் கோடியில் தம்பி வைத்த தகர டப்பா நெருங்கியது. மாஸ்டரின் முழங்கால் துடித்தது. எழ முடியாமல் ஒன்றையொன்று பூட்டிக்கொண்ட கால்கள் நெளிந்தன. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வண்டி நின்றது. நின்ற நிற்பில் பின்சீட்டுத் தண்ணீர் பாட்டில் முன்னால் பறந்து வந்தது. தம்பியின் தலை முன்சீட்டில் முட்டியது. மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. டப்பா விழவில்லை.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தாள். "நிறுத்தினது நானா?"

"நீதான்."

"முழுக்கவா?"

"கண்ணாடியே கழண்டு விழுந்துடுச்சு. இன்னும் என்ன சந்தேகம்?"

அப்போதுதான் அவள் சிரித்தாள். சிரித்த சூட்டோடு திரும்ப ஓட்டினாள், திரும்ப நிறுத்தினாள். இருட்டுவதற்குள் பாட்டில் இருந்த இடத்திலேயே இருக்கக் கற்றுக்கொண்டது.

அந்த வாரம் முழுக்க மாஸ்டர் எல்லா மாணவர்களோடும் சம்மணம் போட்டே உட்கார்ந்தார். "மாஸ்டருக்குக் கால்ல சுளுக்கா?" என்று கேட்டார்கள். வண்டி குலுங்குகிறது, தலை இடிக்கிறது என்று முதலாளியிடம் புகார் போனது. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். முதலாளி நெடுநேரம் மோவாயைத் தடவினார்.

"எல்லாரும் முதல் தடவையிலேயே பாஸாயிட்டா, பள்ளிக்கூடம்னு ஒண்ணு எதுக்குய்யா?" என்றார். ஆனாலும் தடை சொல்லவில்லை. அடுத்த தெருப் பள்ளியின் பலகையில் 'முதல் முயற்சியிலேயே வெற்றி' என்று எழுதியிருப்பது அவர் கண்ணை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

தேர்வு நாள். இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் இடத்தில் ஏறினார். அவள் பெல்ட்டை இழுத்து மாட்டினாள், கண்ணாடியைச் சரி செய்தாள், கிளம்பினாள். மாஸ்டரும் தம்பியும் சுவரோரம் சிமெண்டு பெஞ்சில்.

"மாமா, மூச்சு விடுங்க."

"விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இல்ல. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

கார் மேட்டில் ஏறி நடுவில் நின்றது. பின்னால் ஒரு விரல் அளவுகூட நழுவாமல் மறுபடி ஏறியது. வளைவில் திரும்பியது. கடைசியில் அந்த வெள்ளைக் கோடு. தூரத்திலிருந்து பார்க்கும்போது வேகம் அதிகமாகத் தெரிந்தது. மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

கோட்டுக்கு இந்தப் பக்கமே கார் நின்றது. சற்று முரட்டுத்தனமாகத்தான், இன்ஸ்பெக்டரின் தொப்பி கண் வரைக்கும் இறங்கியது. அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அந்தக் காலுக்கு வேலை வரவில்லை.

"கொஞ்சம் இதமா மிதிக்கப் பழகிக்கங்கம்மா" என்றார் இறங்கும்போது. "ஆனா நிறுத்தறீங்க. அது போதும். பாஸ்."

வீடு திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளம்பியதும், "அந்த சைக்கிள்..." என்று ஆரம்பித்தார். அவள் சைக்கிளுக்கு வழிவிட்டாயிற்று. மார்க்கெட் திருப்பத்தில், "இங்க கொஞ்சம்..." என்றார். திரும்பியாயிற்று. அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தாள்.

சிக்னலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, அடித்துப்போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். நீட்டிய கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் துவண்டு கிடந்தன.

தம்பி பின்சீட்டிலிருந்து படம் எடுக்கப் போனை நீட்டினான்.

"வேணாம்டா. விடு, தூங்கட்டும்."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருத்தன் ஹார்னை அலறவிட்டான். மாஸ்டர் அசையவில்லை. அவள் நிதானமாகக் கியரைப் போட்டுக் கிளம்பினாள். வீட்டுத் தெருவின் முனை வந்தது.

"அக்கா, திரும்பணும்."

"மேலாளர் மதியம் வரைக்கும் இருப்பார்" என்றாள் அவள், மருத்துவமனைப் பக்கம் நேராக வண்டியை விட்டபடி. "நேர்லயே போய்ச் சொல்லிட்டு வந்துடலாம். மெதுவாப் பேசு, உங்க மாமா எழுந்துடப்போறார்."