வெற்றுத் தாளில் வந்த குளோரின்

எண்பத்தெட்டில் கள்ளிக்குப்பத்தில் தசரதன் வீடு எது என்று கேட்டால், "அந்த விஞ்ஞானி ஊடா?" என்று வழி காட்டுவார்கள். அப்படித் தெருவெல்லாம் சொல்லி வைத்த தசரதன் நானேதான். உண்மையில் அம்பத்தூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவன். அதுவும் ஐந்து வருடமாகத் தற்காலிகம்.

கடற்காற்றிலுள்ள குளோரின் வாயுக்கள் இரும்பை அரிப்பதை எங்கள் நாகேந்திரன் சார் ஆராய்ந்துகொண்டிருந்தார். மருந்தில் நனைத்த தாள் வழியாகப் பம்பு காற்றை இழுக்கும். தாளில் சிக்கிய குளோரினைப் பிறகு அளப்போம். சரிபார்ப்பதற்குக் காற்றே படாத வெற்றுத் தாள் ஒன்றும் கூடப் போய்வரும். அதில் ஒன்றும் இருக்கக்கூடாது.

"தாளெல்லாம் உன் பொறுப்பு. சரியா வந்தா நிரந்தரத்துக்கு எழுதறேன்" என்றார் சார்.

கடற்கரைக்குப் போக ஜீப் விடியற்காலையில் வீட்டுக்கே வரும் என்பதால் தாள்கள் வைத்த பெட்டி முந்தின நாளே என்னிடம் வந்தது. சும்மா இருப்பேனா? மூடியைத் திறந்து தெருவுக்கே காட்டினேன். என் மனைவி லோகநாயகி பதறினாள்.

"அல்லார் கண்ணும் பட்ருச்சு. நில்லுயா!"

கை நிறைய உப்பு அள்ளி என்னையும் திறந்த பெட்டியையும் சுற்றினாள். விஞ்ஞானி கிழக்கே பார்த்துக் கைகட்டி நின்றேன். உப்பு அடுப்பில் படபடவென்று வெடித்தபோது, நம்மேல் இவ்வளவு பேருக்குப் பொறாமையா என்று பெருமையாகக்கூட இருந்தது.

போய்வந்து அளந்தபோது, கடற்காற்று பட்ட தாளைவிட வெற்றுத் தாளில் குளோரின் அதிகமாக வந்தது. சார் துருவிக் கேட்டார். திருஷ்டி கழித்ததைச் சொன்னேன். உப்பிலும் குளோரின்தானே, விரலிடுக்கில் சிந்திய தூளே போதும். சார் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"இன்னொரு தடவை போவோம். அதுவும் கெட்டா என் கையில ஒண்ணும் இல்லப்பா."

வேலை போனால் குடும்பம் நடுத்தெருவில்தான். மறுமுறை பெட்டியை வீட்டுப்பக்கமே கொண்டுவரவில்லை. கிளம்பும்போது லோகநாயகி வெறுங்கையால் என்னைச் சுற்றினாள்.

"உப்பு தான வாணாம்னாரு உங்க சாரு? கையும் வாணாம்னாரா?"

வெற்றுத் தாள் சுத்தமாக வந்தது. இரண்டு மாதத்தில் நிரந்தர உத்தரவும் வந்தது. வாசலிலேயே அவளிடம் மார்தட்டினேன்: ஒன்றுமே இல்லாமல் ஒரு தாளைக் காப்பாற்றுவது லேசில்லை, அதற்குத்தான் இந்த வேலை.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இத்த தெரிஞ்சிக்க கடலாண்ட ரெண்டு தபா போவணுமா? என்னாண்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அஞ்சு வருசமா நம்ம அரிசி டப்பாவ நீ அப்டித்தானே வெச்சிகினு கீற!"