தலைவரின் சுண்டுவிரல்

குழாய்க்காரரை அவர் மனைவி 'தலைவர்' என்றுதான் கூப்பிடுவாள். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள், சுத்த நக்கல். "தலைவர் எந்திரிச்சாச்சா? தலைவருக்குக் காப்பி வேணுமாமா?" கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பாட்டு, இன்னும் ஓயவில்லை.

எல்லாம் நாற்சந்தியில் நின்ற சிலையால் வந்த வினை. நாட்டுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்த தலைவர், வெறுங்காலோடு ஊர் ஊராக நடந்தவர். அந்தக் கால் அவ்வளவு உழைத்திருக்கிறது. ஆனால் படம் எடுத்த புண்ணியவான்களில் ஒருத்தராவது இடுப்புக்குக் கீழே கேமராவை இறக்கியதில்லை! சிலை செய்ய வந்த சிற்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து சிற்பி வீட்டுக் குளியலறையில் அடைப்பு. அதை எடுக்கப் போன நம்மவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார். எட்டிப் பார்த்த சிற்பி, "அப்படியே நில்லுங்க, அசையாதீங்க!" என்று கத்தினார். பாம்போ என்று நம்மவருக்குக் குலை நடுங்கிப்போனது.

அப்புறம் ஒரு வாரம், தலைவர் காலுக்கு மாதிரியாகக் களிமண்ணுக்கு முன்னால் நின்றார். அடைப்பு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், அதை அடுத்த மாதம்தான் எடுத்தார்.

சிலை திறந்த நாளிலிருந்து மனுஷன் சாராயக்கடைப் பக்கம் போனதில்லை. தலைவர் கால் அங்கே மிதிக்கலாமா? "அது என் காலுதாங்க" என்று அவர் சொல்லாத ஆளில்லை. நம்பத்தான் ஆளில்லை. சிற்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சமிருந்த ஒரே சாட்சி சுண்டுவிரல். தொழில் பழகிய காலத்தில் இரும்புக் குழாய் விழுந்து நசுங்கி, இடது கால் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் குந்திக்கொண்டது. ஆனால் சிலை நின்றதோ இரண்டு ஆள் உயரப் பீடத்தில். விரலைப் பார்த்தது புறாக்கள் மட்டும்தான். அவையோ வந்த வேலையை முடித்துவிட்டுப் பறந்துவிடும்.

ஊரார் சிரித்தது போகட்டும். கட்டிக்கொண்டவளே நம்பவில்லை என்பதுதான் அவருக்கு ஆறவேயில்லை.

இந்த வருஷம் சாலையை அகலப்படுத்துவதற்காகச் சிலையைப் பெயர்த்துப் பூங்காவில் தாழ்வான ஒரு மேடைக்கு மாற்றினார்கள். அவர் உடனே மனைவியைக் கூப்பிட்டார்.

"வரேன். ஆனா விரல் நேரா இருந்துச்சுன்னா இந்தப் பேச்சை ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டாரே தவிர, வழியெல்லாம் ஒரே யோசனை. களிமண்ணில் பார்த்ததோடு சரி. வெண்கலத்தில் வார்க்கும்போது, தலைவருக்குக் கோணல் விரலா என்று சிற்பி அதை நிமிர்த்திவிட்டிருந்தால்?

பூங்காவில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். டீச்சர் சிலையின் பாதத்தைக் காட்டிக் கண்கலங்கப் பேசிக்கொண்டிருந்தார். "இந்த விரல் ஏன் இப்படி இருக்கு தெரியுமா? ஜெயில்ல காவலன் பூட்ஸ் காலால மிதிச்சான். அப்பவும் தலைவர் மன்னிப்பு கேக்கல." சிலை இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் விரலுக்கு ஒரு சரித்திரம் முளைத்துவிட்டது!

மனைவி குனிந்து பார்த்தாள். "உங்க காலைக் கொண்டாந்து பக்கத்துல வைங்க." அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வைத்தார். அதை ஒரு தடவை பார்த்தாள், இதை ஒரு தடவை பார்த்தாள்.

"அட மனுஷா! நிஜமாவேதானா?" அடுத்த நொடி டீச்சர் பக்கம் திரும்பிவிட்டாள். "டீச்சரம்மா, ஜெயிலும் இல்ல, பூட்ஸும் இல்ல..."

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "விடும்மா."

"என்னத்த விடறது? இத்தன வருஷமா தொண்டை கிழியச் சொன்னீங்களே!"

"நீ நம்பிட்டல்ல. போதும்."

அதற்குள் ஒரு சின்னப் பெண் அந்த வெண்கல விரலைத் தடவிப் பார்த்தாள். "டீச்சர், ரொம்ப வலிச்சிருக்குமா?"

டீச்சர் குனிந்து அவள் தோளில் கைவைத்தார்.

"உயிரே போயிருச்சு, கண்ணு" என்றார் குழாய்க்காரர்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மனைவி செருப்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "வாங்க தலைவரே, தரை கொதிக்குது, மாட்டிக்குங்க."

அந்தக் குரலில் வழக்கமான நக்கலைத் தேடினார். கிடைக்கவில்லை.