கை நனைக்காத இரண்டு நாள்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இலை போட்டு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்னதாகிவிடும். அப்புறம் வேண்டாம் என்று எழுந்து வர முடியாது. இந்த வழக்கத்தை நான் நிலத்துக்கும் வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் சந்தேக புத்தி தானாகக் கண்டுபிடித்ததுதான்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் கழனியும் அதில் ஒரு கிணறும் இருந்தன. கம்பெனிகள் வரத் தொடங்கியதும் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டார்கள். மூன்று பக்கமும் காம்பவுண்டு சுவர் எழும்பி, நடுவில் எங்கள் கழனி மட்டும் பச்சையாக நின்றது. பத்திரம் என் வீட்டுக்காரர் பேரில். ஆனால் அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஷிப்டு முடிந்து வந்து படுத்தால் எழுந்திருக்க மாட்டார். நடவு, களை, தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் என் தலையில்தான். அதனால் பத்திரம் யார் பேரில் இருந்தாலும் அந்தக் கழனி என்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கழனியை விலைக்குக் கேட்டுத் தரகர் ஒருவர் ஒரு வருஷமாக வந்து போய்க்கொண்டிருந்தார். அவருக்கு நான் மோர்கூடக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் காலையில் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

“அக்கா, மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்ல உங்களுக்கு ஒருநாள் ரூம் போட்டு கீது. காரு வரும். புள்ளைங்கள இட்டுகினு போய் ஜாலியா இருந்துட்டு வாங்க. கையெழுத்து கிழுத்து ஒன்னும் கெடையாது.”

கையெழுத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பிறகு அவராக ஏன் அதைச் சொல்ல வேண்டும்? நான் வரவில்லை என்றேன். “அப்ப நான் புள்ளைங்கள மட்டும் இட்டுகினு போறேன்” என்றார் என் வீட்டுக்காரர். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? இவரைத் தனியாக அனுப்பினால் ஏசி காற்றில் மயங்கி எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். காவலுக்காவது போவோம் என்று கிளம்பினேன்.

முந்தின நாளே புளிசாதம் கிளறி ஒரு பெரிய தூக்கில் அமுக்கி வைத்தேன். இட்லி, முறுக்கு, ஒரு கேன் தண்ணீர். பிள்ளைகள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சட்டம் சொன்னேன். பெரியவள் அப்போது இரண்டாம் வகுப்பு. சின்னவனுக்கு நாலு வயசு. தூங்கலாம், குளிக்கலாம், ஓடி விளையாடலாம். ஆனால் அங்கே யார் எதைக் கொடுத்தாலும் வாயில் போடக்கூடாது. போட்டால் நம் கழனி அவர்களுக்குப் போய்விடும்.

“கெணறும் போயிடுமா?” என்றாள் பெரியவள்.

“கெணறும் போயிடும்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் ஒன்றை ஏற்றுக்கொண்டால் ஏற்றுக்கொண்டதுதான்.

பூந்தமல்லி தாண்டியதும் சின்னவன் ஒருமுறை வாந்தி எடுத்தான். டிரைவர் முகம் சுளிக்கவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. ஓட்டல் வாசலில் ஒரு பெண் கும்பிட்டு, தட்டில் நாலு கண்ணாடி டம்ளரில் ஏதோ சிவப்பு ஜூஸ் நீட்டினாள். சின்னவன் கை நீண்டது. பெரியவள் சட்டென்று அதைப் பிடித்து இறக்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அறையில் ஒரு அட்டையைச் சுவரில் சொருகினால்தான் விளக்கு எரிந்தது. கட்டில் எங்கள் வீட்டு நடை அகலம். குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவில் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி. எந்த நல்ல மனுஷன் இப்படிக் கட்டுவான்? கொண்டுபோன புடவை ஒன்றை அதன் மேல் தொங்கவிட்டேன். மேஜைமேல் ஒரு தட்டு நிறையப் பழம் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கண்ணில் படாமல் அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடினேன்.

வெள்ளை விரிப்பில் எண்ணெய் பட்டுவிடப் போகிறதென்று, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பேப்பர் விரித்து, நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

“கீழ சாப்பாடு போட்டு கீது. புள்ளைங்களாவது துன்னட்டுமே” என்றார்.

“இன்னாய்யா, உனுக்கு இன்னா சொல்லிக் குடுத்து அனுப்பினாங்க?” என்றேன்.

அவர் தூக்கைத் தன் பக்கம் இழுத்து இன்னும் ஒரு கை புளிசாதம் அள்ளிக்கொண்டார். எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

மறுநாள் காலை, பிள்ளைகள் பார்க்கவாவது பார்க்கட்டும் என்று அவர் வற்புறுத்தியதால் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். அவ்வளவு பண்டத்தை நான் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒரு மேஜை முழுக்க கேக் மட்டுமே இருந்தது. பெரியவள் அதன் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“பாக்கலாமாம்மா?”

“பாரு. பாக்கறதுல ஒன்னும் இல்ல.”

எவ்வளவு நேரம் பார்த்தாளோ. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, சாக்லேட் கேக்கிடம் வந்து மறுபடி நின்றாள்.

அதற்குள் உயரத் தொப்பி போட்ட ஒரு சமையல்காரர், உள்ளங்கை அளவு தோசை ஒன்றைச் சுட்டு, சின்னவன் முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் திரும்பிப் பார்க்கும்போது அவன் கன்னம் உப்பியிருந்தது. ஓடிப்போய் வாயைப் பிளந்து, விரலை விட்டு, மென்றதையெல்லாம் வழித்து எடுத்தேன். அவன் கத்தினான். பக்கத்து மேஜையில் இருந்த அம்மா ஒருத்தி கையில் ஸ்பூனோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்றேகால் ஏக்கரைக் காப்பாற்றிவிட்ட தெம்பும் இருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்துபோய்க் கூடத்தின் கண்ணாடிச் சுவர் ஓரமாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் கிளம்பும்வரை அவர் திரும்பவே இல்லை.

சாயங்காலம் கார் எங்கள் ஊருக்குள் திரும்பியது. கழனியைத் தாண்டும்போது நான் நிறுத்தச் சொன்னேன். நாலு மூலையிலும் வெள்ளை அடித்த கல் நட்டிருந்தது. வரப்பில் லாரி வந்துபோன தடம்.

“இன்னாய்யா இது?”

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “போன மாசமே எழுதிக் குடுத்துட்டேன். சுத்தி அடைச்சிட்டானுங்க. கெணத்துல தண்ணி எறங்கிக்கினே கீது. இன்னும் எத்தினி நாளு நீ ஒண்டியா கெடந்து சாவ?”

“அப்ப ஓட்டலு?”

“நான்தான் கேட்டேன். அந்தக் கழனியால புள்ளைங்களுக்கு ஒன்னு கெடச்சதா இருக்கட்டுமேன்னு. நல்லா துன்னுட்டு சந்தோசமா இருக்கசொல்ல உங்கிட்ட சொல்லலாம்னு பாத்தேன். நீ எங்க வுட்ட?”

நான் நம்பவில்லை. கல் நடும்போது நான் குறுக்கே போய் நிற்பேன் என்று தெரிந்துதான் என்னை ஊரைவிட்டுக் கிளப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். தரகரைச் சந்தேகப்பட்டேன், டிரைவரைச் சந்தேகப்பட்டேன், குளியலறைக் கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து புளிசாதம் தின்ற மனுஷனை மட்டும் விட்டுவிட்டேன். நாலு நாள் அவரோடு பேசவில்லை. கழனிப் பக்கமும் போகவில்லை.

ஐந்தாம் நாள் தரகர், பாக்கிப் பணம் கொடுத்த காகிதத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்க வந்தார். அவரிடமே கேட்டேன், யாருடைய யோசனை அந்த ஓட்டல் என்று.

“அண்ணன்தான்க்கா கேட்டாரு. கழனி வித்த மத்தவங்கல்லாம் காசுக்கு மேல பைக்கு கேட்டாங்க. இவுரு ஒருத்தருதான், புள்ளைங்களுக்கு நல்ல எடமா பாத்து ஒருநாள் சாப்பாடு போடுங்கன்னாரு. நல்லா கவனிச்சாங்களாக்கா?”

நல்லா கவனிச்சாங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருக்கு மோர் கொடுத்தேன். கண்ணாடிச் சுவர் ஓரம் நின்ற அந்த முதுகு ஞாபகம் வந்தது.

அவர் போனதும், மூலையில் எழுதிக்கொண்டிருந்த பெரியவள் நோட்டை மூடிவிட்டு வந்தாள்.

“நம்ம கழனி போயிடுச்சாம்மா?”

“ஆமா.”

“நான் அந்த கேக்க தொடக்கூட இல்லியே.” பிறகு தரையில் விளையாடிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். “அன்னிக்கி இவன் வாயில இருந்து நீ எடுத்தியே, அது முழுசா வந்துச்சா? கொஞ்சம் முழுங்கிட்டானாம்மா?”

“நான் முழுங்கல” என்று சின்னவன் அழ ஆரம்பித்தான்.

அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இல்லடா, நீ முழுங்கவே இல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பெரியவள் நம்பவில்லை.