வெள்ளிக்கிழமை ஈரத்துணி

மயிலாப்பூர் பத்ரிநாராயணன் முப்பத்தாறு வருடம் அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். எதை வாங்குவதானாலும் நாலு கடை ஏறி இறங்கி, எல்லார் வாயையும் கிளறிவிட்டு, கடைசியில் வீட்டுக்கு வந்து தானே செய்துகொள்வார். மிக்ஸியை அவர் ரிப்பேர் செய்த நாளிலிருந்து, இந்த வீட்டில் சட்னி அரைத்தால் பக்கத்து ஃபிளாட்டில் குழந்தை அழுகிறது. அவருக்கு அதிலும் பெருமைதான்.

இந்த முறை வந்து சேர்ந்தது ஸ்லைடு வேலை. மனைவி ஜலஜாவின் அண்ணா கருணாகரன் போன வருடம் காலமானார். ஒரு காலத்தில் காமிராவும் கையுமாகத் திரிந்தவர். அவர் எடுத்த நூற்று நாற்பது ஸ்லைடுகள், அட்டைச் சட்டம் போட்ட சின்னச் சின்ன பிலிம் துண்டுகள், ஒரு நீல டப்பாவில் ஜலஜாவிடம் வந்திருந்தன. முதல் வருஷத் திவசமான வருஷாப்திகத்துக்கு உறவுகள் வரும்போது அவற்றை டிவியில் போட்டுக் காட்ட அவளுக்கு ஆசை. ஊரையெல்லாம் எடுத்த மனிதர் ஒரே ஒரு ஸ்லைடில்தான் தானும் இருந்தார்: பெசன்ட் நகர் கடற்கரையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி. எடுத்தவர் பத்ரிநாராயணன். பிற்காலத்துப் படங்கள் வேறு உண்டு, எல்லாவற்றிலும் நோயாளி முகம்.

"ஏன்னா, மத்ததெல்லாம் எப்படி வந்தாலும் வரட்டும். அண்ணா சிரிக்கற அது ஒண்ணு நன்னா வந்துடணும்" என்றாள் ஜலஜா.

ஸ்கேனர் விலையைக் கேட்டதும் அவருக்குத் தாகம் எடுத்துவிட்டது. அடையாற்றில் ஒரு இடத்தில் ஸ்லைடுக்கு இவ்வளவு என்றார்கள். மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். கடைசியாக தி. நகரில், மாடிப்படிக்கு அடியில் இருந்த மெஹபூப் அலியின் ஸ்டூடியோ. அவர் நாலு ஸ்லைடை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"பூஞ்சை புடிச்சிகீது சார். இங்க குடுத்தாலும் சரி, வூட்ல போன்ல எடுத்தாலும் சரி. டேப்லெட்ல வெள்ளை ஸ்கிரீன் போட்டு, ஸ்லைடைக் கொஞ்சம் மேல தூக்கி வெச்சு எடுங்க, சுமாரா நல்லாவே வரும். தண்ணி மட்டும் காட்டாதீங்க. பூஞ்சை புடிச்ச பிலிமு, ஈரம் பட்டா படமே வழிச்சிக்கினு வந்துடும்."

காசு வாங்காமல் தொழிலைச் சொல்லிக் கொடுத்த மனிதர். பத்ரிநாராயணனோ, பயமுறுத்தி வேலையைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினார்.

டேப்லெட் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு கண்ணாடித் துண்டு, போன். படங்கள் நன்றாகவே வந்தன. கருணாகரனின் ஸ்லைடை மட்டும் இன்னும் எடுக்கவில்லை; அதில் முகத்தின் மேல் வெள்ளையாக நூல் நூலாகப் பூஞ்சை. அது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. சுவாமி படங்களை ஈரத்துணியால் துடைத்து, பழைய குங்குமத்தை எடுத்து, புதிதாகச் சந்தனம் குங்குமம் வைப்பது நாற்பது வருடமாக அவர் வேலை. மேல் வரிசைப் படம் ஜலஜாவுக்கு எட்டாது. துணியை ஜலஜா பிழிந்து கொடுப்பாள். துடைத்து முடித்த கையோடு, அதே துணியின் நுனியால் அந்த ஸ்லைடையும் துடைத்தார். துணி சிவந்தது. சுவாமி படத்துக் குங்குமம் என்று நினைத்து, துணியை மடித்து இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தார்.

வெளிச்சத்தில் பிடித்தபோது கடல் இருந்தது, மணலில் இரண்டு கால்கள் இருந்தன. மேலே ஒன்றுமில்லை.

"என்னன்னா ஆச்சு?" என்று ஜலஜா வந்து நின்றாள்.

"பூஞ்சை மொத்தத்தையும் தின்னுடுத்து" என்றார். நாக்கு கூசவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு கூசிப்போனார்.

அவள் ஜன்னலோரம் போய் வெகுநேரம் பார்த்தாள். "நீங்க என்ன பண்ணுவேள்? நீங்க எடுத்த படம் வேற" என்று அவருக்குக் காப்பி கலந்து வந்தாள்.

மறுநாள் ஒருவருக்கும் சொல்லாமல் தி. நகர் போனார். மெஹபூப் அலி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தண்ணி காட்டினீங்களா சார்?"

"இல்லை."

ஜலஜாவிடம் சொன்ன பொய்க்காவது பயம் காரணம். எல்லாம் தெரிந்த மனிதரிடம் எதற்குப் பொய் என்று அவருக்கே புரியவில்லை. மெஹபூப் அலி வேறெதுவும் கேட்காமல் ஸ்லைடைத் தாளில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பத்ரிநாராயணன் அவர் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்தார்.

வருஷாப்திகத்தன்று சாயங்காலம் டிவியில் படங்கள் ஓடின. கால்கள் மட்டும் இருந்த படம் வந்தபோது எல்லாரும் ஜலஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். "கடையில குடுத்திருந்தாலும் இது தேறியிருக்காது. இவர் ஆத்துல உக்காண்டு ஒத்தைக் கையால இவ்வளவும் பண்ணினார்" என்றாள் ஜலஜா. மெச்சிய உறவுகளுக்கு அவர் தலையாட்டினார். செத்துப்போகலாம் போல் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் துணியைப் பிழிந்து நீட்டினாள். வாங்கக் கை வரவில்லை.

"ஜலஜா, அது பூஞ்சை இல்லை. நான்தான் இந்தத் துணியால துடைச்சேன்."

அவள் துணியைப் பார்த்தாள்.

"ஈரம் படக்கூடாதுன்னு அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தார்."

"சொல்லியிருந்தாரா?"

"சொல்லியிருந்தார்."

கத்தியிருந்தால் தேவலை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, மேல் வரிசைப் படத்தைத் தானே துடைக்க ஆரம்பித்தாள். அவர் ஸ்டூலைப் பிடிக்க ஓடினார்.

"நகருங்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. துணி அவர் கைக்கு வரவில்லை. அவள் ஏறும்போதெல்லாம் பத்ரிநாராயணன் பக்கத்தில் போய் நிற்கிறார். பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.