மூக்கால் படிக்கும் பிள்ளைகள்

தோல் பதனிடும் ஷெட்டின் நாற்றம் எனக்கு ஒரு அருவருப்பே இல்லை. ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது மூக்கில் ஏறுவதுகூடக் கிடையாது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது மகளின் பள்ளிக்கூடத்தில். மாலையில் அங்கே மூளையைத் தட்டி எழுப்பும் பயிற்சி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் பிள்ளைகள் அட்டையை முகர்ந்தே நிறம் சொல்வார்களாம், புத்தகம்கூட வாசிப்பார்களாம்.

அதை நடத்த வந்தவர் வெளியூர்க்காரர், டை கட்டியவர். ஷெட்டுக் கழிவு ஓடும் கால்வாய் ஓரம் காரை விட்டு இறங்கியதுமே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்குள் ஓடினார். அந்த மூக்குதான் எங்கள் பிள்ளைகளுக்கு முகரக் கற்றுக்கொடுத்தது. தூ!

நம்ம பிள்ளை மட்டும் பின்தங்கிவிடக் கூடாது என்று என் வீட்டுக்காரரும் போய்ப் பணம் கட்டிச் சேர்த்துவிட்டு வந்தார். மகள் நாலாவது படிக்கிறாள். அதுவரை அவள் வாய் சும்மா இருந்ததில்லை. சுவரில் ஓடும் பல்லி ஏன் விழுவதில்லை, மாட்டுத் தோல் ஷெட்டுக்குள் போய் எப்படி நீலமாகிறது என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவாள். அந்த நச்சரிப்புக்குத்தான் அறிவு என்று பெயர் என நான் நினைத்திருந்தேன். வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு அது நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டேன். சந்தேகம் வந்தால் மூளை திறக்காது என்று சார் சொன்னாராம்.

பெற்றோரை அழைத்து மேடையில் செய்து காட்டினார்கள். கண்ணில் கறுப்புத் துணியோடு என் மகள் செய்தித்தாளின் தலைப்பை வாசித்தாள். ஒரே கைதட்டல். வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

நான் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறவள். ஷூவின் மேல்விளிம்பு கணுக்காலை ஒட்டி உட்கார, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துத் தைப்பது என் வேலை. எந்த வளைவில் இடைவெளி விழும் என்று என் கண் தானாகத் தேடும். மேடையில் மகளின் மூக்குக்கு இரண்டு பக்கமும் அந்தத் துணி தூக்கிக்கொண்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, ஷூவுக்கு வெட்டியதில் மிஞ்சிய மெல்லிய தோலில், மூக்கோரம் ஸ்பாஞ்ச் வைத்து, ஒரு கண்கட்டு தைத்தேன். அவளுக்குக் கட்டிவிட்டு ஒரு சிவப்பு வளையலைக் கையில் கொடுத்தேன். முகர்ந்தாள். முகத்தை மேலே தூக்கினாள், இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். பச்சை என்றாள். பிறகு மஞ்சள் என்றாள். கண்கட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அழுதாள். பொய்க்காக நாலு திட்டு திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“மத்தவங்கல்லாம் நெஜமாவே மோந்து சொல்றாங்கமா. எனக்கு மட்டும்தான் வர்ல. அதான் கீழால பாத்துட்டேன். நான் மக்குமா.”

கேள்வி கேட்டே வளர்ந்த பிள்ளை, தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டு அத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

மறுநாள் மாலை அவளையும் கூட்டிக்கொண்டு அந்த வகுப்புக்குப் போனேன். அந்தக் கண்கட்டை டை கட்டியவரிடம் நீட்டி, எந்தப் பிள்ளைக்கு வேண்டுமானாலும் கட்டிப் பாருங்கள் என்றேன். அவர் அதைத் தொடவே இல்லை. செத்த மாட்டின் தோல் மூளையின் அலையைத் தடுத்துவிடும் என்றார். அவர் இடுப்பிலும் காலிலும் போட்டிருந்தது என்னவாம்? என் கெட்ட எண்ணம்தான் பிள்ளைக்குத் தடை என்று வேறு சொன்னார். இது பித்தலாட்டம் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். கூட்டிப்போக வந்திருந்த அம்மா அப்பாக்கள் அவர்மேல் பாய்வார்கள் என்று நினைத்தேன். என்மேல் பாய்ந்தார்கள். கம்பெனியில் என் லைனிலேயே தைக்கிற ஒருத்தி கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“எங்களுக்கு மட்டும் தெரியாதாக்கா? எல்லாப் புள்ளயும் சொல்லும்போது எம்புள்ள மட்டும் மக்குன்னு நிக்கணுமா? சும்மா பேஜார் பண்ணாத, போ.”

அவள் கையை உதறினேன். அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. காசுக்காக ஏமாற்றுகிறவனையாவது திட்டித் தீர்க்கலாம். தெரிந்தே கைதட்டுகிறவர்களை என்ன செய்வது?

நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வகுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். பஸ் ஸ்டாண்டு எதிரே அந்த வகுப்புக்கு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். கண்ணைக் கட்டிய அவள் முகம்தான் அதில், பெரிதாக. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, வேகமாக நடந்தேன். அவள் நின்றுவிட்டாள்.

“எல்லாருமே மோவாயத் தூக்கினுதான்மா சொல்றாங்க. இங்க பாரு, நானும் தூக்கினுதான் இருக்கேன். இவ்ளோ பெருசா போட்டிருக்காங்களே, ஏம்மா யாருமே கேக்கல?”