அக்கா தேடிய கெட்டி மணல்

என் அக்கா ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாளைக்கு நூற்றைம்பது போர்வையைப் பிழிந்து உதறுகிற கை. அந்தக் கையால் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஐந்து கடற்கரைகளில் தள்ளியிருக்கிறாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்து தின்று எழுபது கிலோ இருக்கிறேன், அவ்வளவுதான். அத்தானும் எழுபது கிலோ.

அத்தான் லாரி ஓட்டியவர். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மூன்று வருடமாக வாசல் தாண்டவில்லை. யாராவது பாவம் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா நச்சரித்து நச்சரித்து, கடைசியில் ஒருநாள் இறங்கி வந்தார்.

"கடலுக்கு வேணா வரேன். ஒரு தடவதான். கூட்டம் இருக்கக் கூடாது. என்னை யாரும் தூக்கவும் கூடாது. தூக்குனீங்க, அப்புறம் வெளியவே வரமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் அந்த மனுஷன். இது சொதப்பினால் மிச்ச ஆயுளும் ஜன்னலோரம்தான் என்று அக்காவுக்குத் தெரியும்.

ஆகவே ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரியின் பழைய நாற்காலி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, ஆள் போகாத கரைகளைத் தேடிக் கிளம்பினோம். முதலாவதில் முழுக்கப் பாறை. இரண்டாவதில் பத்தடி போவதற்குள் சக்கரம் பாதி புதைந்தது. மூன்றாவதில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இந்த வயசுலயாம்மா இப்படி?" என்று அக்காவிடம் கேட்டார். சக்கரம் சிக்கியதும் நான் எழுந்து நடந்தேன். அவர் வாயைப் பிளந்தார். என் மானம் கப்பலேறியது.

ஆனால் அந்த உச்சுக்கொட்டல் இரண்டு நாள் காதை விட்டுப் போகவில்லை. அத்தான் ஏன் வாசல் தாண்டவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் நான் முனகவில்லை. நான்காவதில் செருப்புத் தொலைந்தபோதுகூட.

ஐந்தாவது, ஒரு ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால். ஈ காக்கை இல்லை. லாரிக்காகப் போட்ட சிமெண்ட் சரிவு நேராக ஈர மணலில் இறங்கியது. மணலும் தரை மாதிரி கெட்டி. நாற்காலி ஓடிய ஓட்டத்தில் அக்கா என்னைத் தள்ளிக்கொண்டே அழுதாள். மணி காலை எட்டு.

அடுத்த ஞாயிறு, அதே எட்டு மணி. வாடகைக்கு ஒரு வேன் பிடித்திருந்தோம்; சாய்த்துப் போட்ட பலகை வழியாக அத்தானே நாற்காலியை உருட்டி அதில் ஏறியிருந்தார். போய்ப் பார்த்தால் மணலையே காணோம்! அலை சரிவில் வந்து அறைந்துகொண்டிருந்தது. கடல் ஏறி இறங்கும், அந்த நேரமும் தினம் மாறும் என்பது கடலை விட்டு ஐம்பது மைல் தள்ளி வளர்ந்த எங்களுக்கு எட்டவில்லை.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. "தப்புப் பண்ணிட்டேங்க. வாங்க, போயிடலாம்."

அத்தான் அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "லோடு எறக்க ரெண்டு நாள்கூடக் காத்துக் கெடந்திருக்கேன். இதுவும் எறங்கட்டும். சோத்த எடு."

வேன் நிழலிலேயே சாப்பிட்டோம். பன்னிரண்டு மணிக்கு மேல் மணல் வெளியே வந்தது. அக்கா நாற்காலியைப் பிடிக்கப் போனாள்.

"கைய எடு" என்றார் அத்தான். தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். அலை வந்து அவர் காலை நனைத்தது. காலுக்குத் தெரியாதே, அதனால் குனிந்து கை நிறையத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். அக்கா அந்தப் பெரிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

வேனில் ஏறி, பலகையை உள்ளே இழுத்துப் போட்டோம். அத்தான் கேட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம தண்ணி எத்தன மணிக்கு எறங்கும்?"